டொக்டர் அம்மாவின் கொப்பியில் என் பொய்

ஆண்டவருக்குள் அன்பான சகோதர சகோதரிகளே,

என் கையெழுத்தை முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எழுத்துப் பிழைகள் நிறைய இருக்கும். போதகர் ஐயா பல தடவை என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். சபைக்கு முன்னால் நின்றால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதித் தருகிறேன். வாசிக்க முடிந்தவர்கள் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

நான் தோணிக்காரன். எங்கள் துறையில், நாங்கள் ஆறு என்று சொல்லும் வாவிக்கு இக்கரையும் அக்கரையுமாக ஆட்களை ஏற்றி இறக்குவதே என் தொழில். கிழக்கே எழுவான்கரை. எங்கள் வீடும் கோவிலும் அங்கே. மேற்கே படுவான்கரை. வயல்களெல்லாம் அங்கே. ஆஸ்பத்திரிக்குப் போகும் பஸ் எங்கள் கரையில்தான் நிற்கும். ஆகவே அக்கரையில் யாருக்கு என்ன நடந்தாலும் என் தோணியில் ஏறித்தான் வர வேண்டும்.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் இருந்தது. என் தகப்பன் காலத்திலும் அது இருந்தது. தோணியில் நீட்டிக் கிடத்துவது பிணத்தை மட்டும்தான். உயிரோடு இருக்கிறவரை, எவ்வளவு சுகமில்லாதவராக இருந்தாலும், இரண்டு பேர் இரு பக்கமும் தாங்கி, உட்கார்ந்த நிலையில் இருத்திக்கொண்டு வர வேண்டும். கிடத்தினால் அவர் திரும்பி வீட்டுக்கு வரமாட்டார், அந்தத் தோணியில் பிறகு ஏறுகிறவர்களுக்கும் ஆகாது என்று சனங்கள் சொல்வார்கள். நான் ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறவன். இதை நம்பினாயா என்று கேட்டால், இல்லை. ஆனால் சனம் ஏறாமல் விட்டால் என் பிழைப்பு போய்விடும் என்று பயந்தேன். அதனால் நானும் அந்த வழக்கத்தைக் காத்தேன்.

1962ஆம் ஆண்டு மாசி மாதம், ஒரு சனிக்கிழமை. என் தம்பி ஆசீர்வாதம் அக்கரை வயல் வட்டையில் வேலைக்குப் போயிருந்தான். வெள்ளாமை விளைந்து, யானை இறங்குகிற காலம். வயலோரத்து மருதமரத்தில் கட்டியிருந்த காவற்பரணைத் திருத்த ஏறினவன், கொப்பு முறிந்து முதுகு அடிபட விழுந்துவிட்டான். அப்போது அவனுக்கு இருபத்தொன்பது வயது. எஸ்தரைக் கல்யாணம் முடித்து இரண்டு வருடம்தான்.

மாட்டு வண்டிலில் வைக்கோலைப் பரப்பி, அதில் கிடத்தி அவனைத் துறைக்குக் கொண்டுவந்தார்கள். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். முகம் வெளிறியிருந்தது. ஆனால் பேசினான்.

"அண்ணன், கால்ல ஒரே சேறு. கழுவி விடச் சொல்லுங்க. இதோட பஸ்ஸுல ஏத்த மாட்டானுகள்."

சொல்லிக்கொண்டே காலின் பெருவிரலை அசைத்துக் காட்டினான். இரண்டு காலும் அசைந்தன. அதை என் கண்ணால் கண்டேன்.

வண்டில்காரன் கேட்டான். "வைக்கலோட அப்பிடியே தூக்கித் தோணிக்குள்ள வைப்பமா?"

கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் ஏறுவதற்கு நின்றார்கள். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"வேணாம். இருத்துங்க," என்றேன்.

இரண்டு பேர் அவனைக் கமுக்கட்டில் பிடித்துத் தூக்கி, குறுக்குப் பலகையில் இருத்தினார்கள். நான் கம்பை ஊன்றித் தோணியைத் தள்ளினேன். நடு ஆற்றில் அவன் தலை முன்னுக்குச் சரிந்தது. ஒரு தரம் முனகினான். அவ்வளவுதான். எங்கள் கரை வந்ததும் அவன் என்னைப் பார்த்துக் கேட்டான்.

"அண்ணன், என்ட கால் ரெண்டும் தோணிக்குள்ள தானே இரிக்கி?"

அந்தக் கேள்வி இன்றைக்கும் என் காதில் கேட்கிறது.

ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் அம்மா இருந்தார். மரத்தாலும் கூரையாலும் விழுந்து வருகிறவர்களைப் பற்றி அவர் தனியாக ஒரு கொப்பியில் குறிப்பு எழுதி வந்தார். தம்பிக்குப் பக்கத்துக் கட்டிலில் தென்னையால் விழுந்த ஒருவர் கிடந்தார். அவருடைய மாமனாரிடம் டொக்டர் அம்மா கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆர் இவரைத் தூக்கி இருத்தினது?"

"நான்தான் தாயே. தண்ணி பருக்கத்தான்."

"இருத்தாம விட்டிருந்தா ஒருவேளை கால் தப்பியிருக்கும், ஐயா. இனிமேல் ஆரும் விழுந்தா அப்பிடியே பலகையில கிடத்திக் கொண்டு வாங்கோ."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். அந்த மனிதர் சுவரோடு சாய்ந்து, இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகு டொக்டர் அம்மா என்னிடம் வந்தார்.

"விழுந்த உடன கால் அசைஞ்சதா?"

"ஓம் அம்மா. அசைஞ்சது."

"எப்பிடிக் கொண்டு வந்தீங்கள்? இருத்தியா, கிடத்தியா?"

"கிடத்தித்தான் அம்மா."

அவர் நெற்றியைச் சுருக்கினார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ."

"ஓம் அம்மா. கிடத்தி."

அவர் எழுதிக்கொண்டார். தம்பி காய்ச்சலில் பிதற்றிக்கொண்டு கிடந்தான். எஸ்தர் அவன் தலைமாட்டில் இருந்தாள். அவள் தோணியில் வரவில்லை. ஆகவே அவளுக்கும் தெரியாது. என் பொய் அந்தக் கொப்பியில் ஏறிவிட்டது.

மூன்று மாதம் கழித்து அவனை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. மலமும் சலமும் அவன் வசத்தில் இல்லை. எஸ்தர் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை அவனைப் புரட்டிவிடுவாள். அப்படியும் முதுகில் புண் வந்தது. அந்தப் புண்ணைக் கழுவுகிறபோது அவனுக்கு நோகாது. எஸ்தருக்குத்தான் கண்ணீர் வரும். அவன் படுத்தபடியே மீன்பிடிகாரருக்கு வலை பின்னிக் கொடுத்தான். கை அவனுக்கு நல்ல வேகம்.

நான் விடாமல் ஜெபித்தேன். தோணியில் தனியே திரும்புகிற ஒவ்வொரு தடவையும் ஜெபித்தேன். ஆண்டவரே, அவனை நடக்கப் பண்ணும். உபவாசம் இருந்தேன். நாலு வருடம் இதே வார்த்தைகள். வானம் அடைத்துக் கிடந்தது. ஒன்றை மட்டும் நான் ஜெபத்தில் சொல்வதேயில்லை. அதை முதுகுக்குப் பின்னால் ஒளித்து வைத்துக்கொண்டு முன்னால் கையேந்தி நின்றேன்.

ஒரு நாள் போதகர் ஐயா வீட்டுக்கு வந்து, நாலு பேர் சுமந்துவந்து, கூரையைப் பிரித்து ஆண்டவர் முன் இறக்கிய திமிர்வாதக்காரனைப் பற்றிச் சொல்லி ஜெபித்தார். ஜெபம் முடிந்ததும் தம்பி சொன்னான்.

"ஐயா, அந்த நாலு பேரும் கெட்டிக்காரனுகள். படுக்கையோட தூக்கியிரிக்கானுகள். இருத்தித் தூக்கியிருந்தா, கூரையைப் பிரிச்சும் பிரயோசனமில்ல."

போதகர் ஐயா சிரித்தார். எஸ்தரும் சிரித்தாள். நான் எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டேன். இவனுக்குத் தெரியுமோ, நினைவிருக்குமோ என்று பயந்தேன். அன்றிலிருந்து இன்னொரு ஜெபமும் சேர்ந்தது. ஆண்டவரே, அவனுக்கு அது தெரியாமல் இருக்கட்டும். சகோதரரே, இப்படியும் ஒருவன் ஜெபிப்பானா என்று நீங்கள் நினைக்கலாம். நான் ஜெபித்தேன்.

1966ஆம் ஆண்டு சித்திரையில் அந்த டொக்டர் அம்மா எங்கள் ஊருக்கு வந்தார். பழைய நோயாளிகள் எப்படி இருக்கிறார்கள் என்று வீடு வீடாகப் பார்த்து எழுத வந்தார். தம்பியின் புண்ணைப் பார்த்து, எஸ்தருக்குச் சில முறைகளைக் காட்டிக் கொடுத்தார். பிறகு தம்பி அவரிடம் கேட்டான்.

"அம்மா, இதுக்கு மருந்து தேடுற ஆக்கள் எங்கயும் இரிக்காங்களா?"

"வேற நாடுகள்ல தேடுகினம். முள்ளந்தண்டுக்குள்ள ஓடுற நரம்பை, முண்ணாண் எண்டு சொல்லுவம், அதைத் திரும்ப உயிர்ப்பிக்க வழி இரிக்கோ எண்டு பாக்கினம். இன்னும் ஒண்டும் கிடைக்கல்ல."

"இஞ்ச?"

"இஞ்ச நான் ஒரு கொப்பியோட திரியிறன்."

"அந்தக் கொப்பிக்கு என்ன வேணும்?"

அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் சொன்னார். ஊர் ஊராகப் போக வேண்டும். எக்ஸ்ரே படம் எடுக்க வேண்டும். சேர்ந்ததைத் தட்டச்சு செய்து, பிற நாட்டில் இதையே தேடுகிறவர்களுக்கு அனுப்ப வேண்டும். அவருடைய சம்பளத்தில் அது முடியாது.

"அப்ப ஒரு சங்கம் வைப்பம்," என்றான் தம்பி. "நான் தலைவர். கூட்டம் முடிஞ்சாலும் எழும்பாத தலைவர் வேற எங்க கிடைக்கும்?"

விளையாட்டாகத்தான் சொன்னான் என்று நினைத்தோம். ஆனால் அவன் போதகர் ஐயாவைக் கூப்பிட்டுப் பேசினான். நம்முடைய சபைப் பெண்கள் சோறு ஆக்குகிற நேரம் பிடி அரிசி எடுத்து வைப்பார்கள் அல்லவா, இதற்கென்று இன்னொரு பிடி எடுத்து வைக்கத் தொடங்கினார்கள். மீன்பிடிகாரர் சனிக்கிழமை மீன்பாட்டில் ஒரு பங்கு தருவதாகச் சொன்னார்கள். டொக்டர் அம்மாவைக் கூலி இல்லாமல் ஏற்றி இறக்குவதாக நானும் சொன்னேன். படுவான்கரையிலிருந்து கணபதிப்போடியார் தானும் சேர்வதாக ஆள் அனுப்பிச் சொன்னார். அவர் பெரிய வயற்காரர், சைவர். வண்டிலிலிருந்து விழுந்த அவருடைய ஒரே மகனும் தம்பியைப் போலவே படுக்கையில் கிடந்தான். அந்தப் பிள்ளையும் என் தோணியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போனான். இருந்தபடி.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குப் பிறகு, கோவில் மண்டபத்தில் முதல் கூட்டம். முள்ளந்தண்டு ஆராய்ச்சி உதவிச் சங்கம் என்று பெயர் வைத்தோம். தம்பியைக் கதவுப் பலகையில் கிடத்தித் தூக்கிவந்து நடுவில் வைத்தோம். போடியார் முன் கதிரையில் இருந்தார். டொக்டர் அம்மா தன் கொப்பியிலிருந்து வாசித்து விளங்கப்படுத்தினார்.

விழுந்தவுடன் கால் அசைந்து, பிறகு அசையாமல் போனவர்கள் சிலர். அவர்களெல்லாரும் இருத்தியோ, மடக்கியோ கொண்டுவரப்பட்டவர்கள். ஆகவே கொண்டுவருகிற விதத்தால்தான் முண்ணாண் நசிகிறதோ என்று அவர் சந்தேகப்பட்டார். பிறகு சொன்னார்.

"ஆனா ஒரு ஆள் மட்டும் இதுக்குள்ள அடங்கயில்ல. அவரைக் கிடத்தித்தான் கொண்டு வந்தது. அப்பிடியும் போயிற்று. அதால என்ட யோசனையே பிழையோ எண்டு நினைக்கிறன். இந்த ஒண்டை வச்சுக்கொண்டு நான் வெளியில எழுத ஏலாது."

"அது ஆரம்மா?" என்று தம்பி கேட்டான்.

"நீங்கள்தான் ஆசீர்வாதம்."

தம்பி முகட்டைப் பார்த்தபடி கேட்டான். "அப்பிடி ஆர் சொன்னது?"

"உங்கட அண்ணன்."

"அண்ணன் சொன்னாரா," என்றான்.  என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் கடைசி வாங்குப் பலகையில், கதவோரம் இருந்தேன். எழுந்து வெளியே போய்விடலாம். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். நான் எப்போதும் அப்படிப் போகிறவன்தான். ஆனால் நான் போனால் அந்தக் கொப்பி அப்படியே மூடப்படும். அக்கரையில் நாளைக்கு விழப்போகிறவனையும் என் தோணியில் இருத்துவார்கள். நான் மனதுக்குள் சொன்னேன். ஆண்டவரே, அவனுக்குக் கால் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனேன். எனக்கு இப்போது வாய் தாரும்.

அதுதான் நான் ஒன்றையும் ஒளிக்காமல் செய்த முதல் ஜெபம். அடுத்த நிமிடம் நான் நின்றுகொண்டிருந்தேன். எப்படி எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது.

"அம்மா, அது பொய். தம்பி வண்டில்ல கிடந்தபடி, கால் அசைய அசையத்தான் வந்தான். தோணியில இருத்தச் சொன்னது நான். உங்களுக்குப் பயந்து பொய் சொன்ன."

 எஸ்தர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் தம்பிக்குப் பக்கத்தில் போய் நிலத்தில் இருந்தேன்.

"தெரியும் அண்ணன்," என்றான் அவன். "நான் மயக்கத்தில வரல்ல. ஆறு முழுக்க முழிச்சுக்கொண்டுதான் வந்த."

"ஏன்டா எனக்கிட்டக் கேக்கல்ல?"

"நீங்களாச் சொல்லுவீங்க எண்டு பாத்துக்கொண்டு கிடந்த. நாலு வருசம் எடுப்பீங்க எண்டு நினைக்கல்ல."

நான் அழுதேன். அத்தனை பேருக்கு முன்னால் நான் அழுதது அந்த ஒரு தடவைதான். அவன் என் தலையில் கை வைத்தான். வலை பின்னிப் பின்னிக் காய்த்துப்போன கை.

டொக்டர் அம்மா பேனாவால் ஒரு சொல்லை வெட்டி, மேலே வேறொன்று எழுதினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்.

"விழுந்த இடத்திலேயே நரம்பு கெட்டுப்போய், பிறகு மெல்ல மெல்ல வீங்கினதா, இல்ல தோணியிலதான் கெட்டதா எண்டு எனக்குச் சொல்லத் தெரியாது. இப்ப ஆருக்கும் தெரியாது. அதைத் தேடத்தான் இந்தச் சங்கம். நீங்கள் தீர்ப்பு எழுத வேண்டாம்."

அப்போது போடியார் எழுந்தார்.

"என்ட மகனையும் உன்ட தோணியிலதான் கொண்டு வந்த. நீதான் இருத்தச் சொன்னாய். ஒரு பக்கம் நான் புடிச்ச."

"ஓம் போடியார்."

"எனக்கு அவன் ஒருத்தன்தான்."

 சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அன்று அவர் என் தோணியில் ஏறவில்லை. பட்டணத்துப் பாலம் வழியாக நெடுந்தூரம் சுற்றி, பொழுதுபட்ட பிறகு வீட்டுக்குப் போனாராம்.

அடுத்த மாதம் டொக்டர் அம்மா படுவான்கரைக்குப் போக வேண்டியிருந்தது. தானும் வருவேன் என்று தம்பி பிடிவாதம் பிடித்தான். "என்னைக் கிடத்திக் கொண்டு போங்க. உசிரோட கிடந்து போறவனையும் சனம் ஒருக்காப் பாக்கட்டும்," என்றான்.

குறுக்குப் பலகைகளில் இரண்டைக் கழற்றினேன். கதவுப் பலகையோடு அவனைத் தோணியில் வைத்தோம். கரையில் நின்ற சனம் பின்வாங்கியது. ஒரு அம்மா, "இது நல்லதுக்கில்ல மகன், இனி இதுக்குள்ள ஆரு ஏறுற?" என்றார்.

தம்பி படுத்தபடியே சொன்னான். "மாமி, நான் செத்தாச் சொல்றன். அப்ப இறங்குங்க. இப்ப ஏறுங்க."

சிலர் சிரித்தார்கள். ஆனால் யாரும் ஏறவில்லை. நாங்கள் மட்டும் போனோம். போகிற வழியில் டொக்டர் அம்மா இரண்டு தடவை அவன் காலுக்கடியில் துணியைச் சரிசெய்தார். நான் கம்பை ஊன்றிக்கொண்டு, தொழில் இன்றோடு முடிந்தது என்று எண்ணினேன். ஆனாலும் மனதில் பயம் இல்லாதது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மாலையில் திரும்புகிறபோது அக்கரைத் துறையிலும் அதே கதைதான். சனம் விலகி நின்றது. அப்போது போடியார் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கித் தோணியில் ஏறினார். தம்பியின் கால்மாட்டில் இருந்தார். வெயில் படாமல் தன் சால்வையை அவன் கால்களுக்குமேல் விரித்தார். போடியார் ஏறியதைக் கண்டு ஒருவர் ஏறினார். பிறகு இன்னும் மூன்று பேர் ஏறினார்கள்.

பாதி ஆறு போனதும் அவர் தம்பியைப் பார்த்துக் கேட்டார்.

"கூட்டம் இனி எப்ப, தலைவர்?"

"வாற ஞாயிறு போடியார்."

"நேரத்துக்கு வாறன்."

அன்றிலிருந்து அவர் ஒரு கூட்டத்துக்கும் வராமல் விடவில்லை. அறுவடைக்கு அறுவடை அவருடைய வட்டையிலிருந்து சங்கத்துக்கு நெல் வந்தது. என்னை மன்னித்தேன் என்று அவர் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை. என் தோணியில் ஏறுவார், இறங்குவார்.

சங்கத்தின் உதவியால் டொக்டர் அம்மா தன் கொப்பியை முடித்து எழுதினார். அது கொழும்புக்கும், அங்கிருந்து கடல் கடந்தும் போனது. இப்போது வருடா வருடம், முண்ணாணைச் சுகப்படுத்த வழி தேடுகிற பிற நாட்டு ஆராய்ச்சிக்கும் நாங்கள் ஒரு சிறு தொகை அனுப்புகிறோம். மருந்து இன்னும் கிடைக்கவில்லை. அதை மறைக்க மாட்டேன்.

என் தம்பி நடக்கவேயில்லை. 1971ஆம் ஆண்டு ஐப்பசியில், சலத்தில் கிருமி சேர்ந்து காய்ச்சல் வந்து, ஆறாம் நாள் கர்த்தரிடம் போனான். அவனுக்கு வயது முப்பத்தெட்டு. எஸ்தர் இப்போது சங்கத்தின் வேலையைப் பார்க்கிறாள். படுக்கையில் கிடக்கிறவர்களின் வீடுகளுக்குப் போய், புண் வராமல் புரட்டுவது எப்படி என்று காட்டிக் கொடுக்கிறாள். அந்த வீட்டுக் கதைகளை எழுதிக்கொண்டும் வருகிறாள். போடியாரின் மகன் இன்னும் படுக்கையில்தான் இருக்கிறான். அவனையும் போய்ப் பார்க்கிறாள்.

சென்ற வருடம் கூரை வேயும்போது விழுந்த ஒருவரை அக்கரையிலிருந்து கொண்டுவந்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. சனங்களே பலகையில் கிடத்தினார்கள். ஏறியிருந்தவர்கள் தாங்களாகவே இறங்கி இடம் விட்டு, அடுத்த நடைக்காகக் கரையில் நின்றார்கள். இரண்டு மாதத்தில் அவர் ஊன்றுகோலோடு நடந்தார். இந்த ஒருவரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அவருக்கு முண்ணாணில் அடியே படாமலும் இருந்திருக்கலாம் என்று டொக்டர் அம்மா சொல்கிறார். அவர் சொல்வது சரியாக இருக்கும். அந்த மனிதர் நடந்து போனதைப் பார்த்த அன்று நான் கம்பைப் போட்டுவிட்டுத் தோணிக்குள்ளேயே முழங்காலில் நின்றேன். சந்தோஷமும் துக்கமும் ஒன்றாக வந்தன. என் தம்பி அதைப் பார்த்திருக்கலாம் என்று அழுதேன்.

சகோதரரே, நான் கேட்டது எனக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் என் ஜெபம் கேட்கப்பட்டது என்றுதான் சாட்சி சொல்கிறேன். ஒளித்து வைத்தபடி நான் ஜெபித்த நாலு வருடமும் ஆண்டவர் என்னைக் கைவிடவில்லை. நான் வாய் திறக்கும்வரை பொறுத்திருந்தார், என் தம்பியைப் போல. உங்களில் யாராவது எதையாவது பின்னால் மறைத்துக்கொண்டு ஜெபித்துக்கொண்டிருந்தால், அதை முன்னால் எடுத்து வையுங்கள். கேட்டது கிடைக்கும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். ஆனால் அவர் உங்களோடு இருப்பார். அதை நம்புங்கள். எனக்கு அது போதுமாக இருக்கிறது. என் தம்பி இல்லாத வீட்டிலும் அது போதுமாக இருக்கிறது.

1974ஆம் ஆண்டு பங்குனி மாதம் 11ஆம் திகதி, திங்கட்கிழமை.